சீப்போவுக்கு நான் தூளி கட்டிய கதை

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதியை நான் முடித்துவைத்துவிடுவேன். ஒருமுறை பக்கத்துத் தெருக்காரர் வந்து, "எங்க மாமனாருக்கு..." என்று தொடங்கினார். "ஐயய்யோ, எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் மாமனாரின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தார். பத்திரிகையைக் கொடுக்காமலேயே திரும்பிப் போனார்.

இந்தப் பழக்கத்தால் நான் பட்ட அவமானங்கள் ஏராளம். அவற்றில் கடல் தாண்டிப் போய்ப் பட்ட ஒன்றுக்குத்தான் முதலிடம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்கு கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடும் வேலை. அக்காவும் அத்தானும் சாம்பியா நாட்டில் பள்ளி ஆசிரியர்கள். (சாம்பியா ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அக்கா போன பிறகுதான் நானும் தெரிந்துகொண்டேன்.) கல்யாணமாகிப் பத்து வருடம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, ஸ்ரீமுஷ்ணம் பெருமாளிடம் அம்மா வைக்காத வேண்டுதல் இல்லை.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். அந்தக் காலத்து வெளிநாட்டுப் போனில் நாம் பேசியது முதலில் நமக்கே திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் அவர்கள் பேசுவது வரும்.

"தம்பி, நாங்க ஒரு பொண்ண தத்து எடுக்குறோம்டா. இந்த ஊருப் புள்ளதான். அப்பா அம்மா கெடையாது, ஹோம்ல வளருது."

"என்ன வயசுக்கா?"

"எட்டு..." என்றாள். லைனில் கொரகொரவென்று சத்தம்.

"எட்டு மாசமா? மொகம் பாத்து சிரிக்குமே! பேரு என்னக்கா?"

"சீப்போ."

பேரைக் கேட்டதற்கு எதற்காகத் திட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். மறுபடியும் "சீப்போ" என்றாள். மூன்றாம் முறை அத்தான் ரிசீவரை வாங்கி, அதுதான் குழந்தையின் பெயர், அவர்கள் பாஷையில் ‘பரிசு’ என்று அர்த்தம் என விளக்கினார்.

சாயங்காலம் கரும்புக் கொல்லையிலிருந்து வந்த அப்பா, புள்ள பேரு என்னவாம் என்று கேட்டார். "சீப்போப்பா" என்றேன். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கியது அதுதான் கடைசி.

அப்பாவுக்கு இந்தத் தத்து விஷயம் பிடிக்கவில்லை. "யார் வூட்டுப் புள்ளையோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அக்கா போன் செய்யும் நேரமெல்லாம் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்கோ கொல்லைக்கோ கிளம்பிவிடுவார். அக்கா ஒவ்வொரு முறையும் "அப்பா இல்லியா?" என்று கேட்பாள். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொல்வாள். மூன்று மாதம் இப்படியே போனது. கடைசியில் அத்தான் எனக்கு டிக்கெட் அனுப்பியபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ போயிப் பாத்துட்டு வா. வந்து சொல்லு. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். குடும்பத்தின் சார்பில் குழந்தையை ‘பார்க்க’ப் போகும் பொறுப்பு, உலக அறிவு முழுவதும் ஃபியூஸ் கட்டைக்குள் அடங்கிய என் தலையில் விழுந்தது.

மூன்று மாதத்தில் உண்மை தெரியாமலா போனது என்று நீங்கள் கேட்கலாம். நான் பாப்பா என்ன பண்றா என்பேன். அக்கா, சாப்பிட்டுத் தூங்குறா என்பாள். எட்டு மாதத்துக்கும் எட்டு வயதுக்கும் பொருந்துகிற பதில். ஒரு மெயிலும் அனுப்பியிருந்தாள். ஜங்ஷன் ரோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்தேன். மேலே போட்டோ, அதற்குக் கீழே கடிதம். போட்டோ மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம், அப்புறம் தகரக் கூரை, அப்புறம் அக்காவின் நெற்றி, மூக்கு, தோள். அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. தோள் உயரத்தில் குழந்தை இல்லை என்றால் இடுப்பில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து, "பாத்துட்டேம்மா, இடுப்புல வெச்சிருக்கா" என்றேன்.

அம்மா மூட்டை கட்டினாள். வசம்பு வளையல், கருமணி, வெள்ளி அரைஞாண், உள்ளங்கை அகலத்துக்கு ஆறு கவுன்கள், ஒரு கிலுகிலுப்பை. அக்காவையும் என்னையும் போட்டு ஆட்டிய தூளிப் புடவையைப் பரணிலிருந்து இறக்கித் துவைத்து மடித்து வைத்தாள். என் பங்குக்கு நான் கம்பெனி சூளையில் ஒரு பால் ஊட்டும் சங்கு சுட்டு, அதில் நீலத்தில் ‘சீப்போ’ என்று எழுதினேன்.

சாம்பியா விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கவுனாக எடுத்துப் பார்த்தார். பேபி எங்கே என்று கேட்டார். வெளியே காத்திருக்கிறது, நான் தாய்மாமன், எங்கள் ஊரில் அது மிகப் பெரிய பதவி என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அந்த கவுண்டரில் இருந்த நாலு பேரும் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் நடந்ததில்லை.

வெளியே அக்கா, அத்தான். அவர்களுக்கு முன்னால் பச்சை ஸ்கூல் யூனிஃபார்மில், ஒட்ட வெட்டிய தலையோடு, என் மார்பு உயரத்துக்கு ஒரு பெண். கையில் என் பெயர் எழுதிய அட்டை.

"வாங்க மாமா. சாப்டீங்களா?" என்றாள், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து.

அக்காவிடம் படிக்கும் பெண் போலிருக்கிறது, பெட்டி தூக்க அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, என் தோள் பையை அவளிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "குழந்த எங்கக்கா? தூங்குதா?" என்று கேட்டேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "இதோ நிக்குறா பாரு."

அந்த ஊரில் குழந்தைகளை முதுகில் துணியால் கட்டிக்கொள்வார்கள் என்று அக்கா எப்போதோ சொன்னது நினைவு வந்தது. நான் அந்தப் பெண்ணின் பின்னால் போய் முதுகைப் பார்த்தேன். நான் என்ன பார்க்கிறேன் என்று பார்க்க அவளும் திரும்பினாள். நான் இன்னும் கொஞ்சம் சுற்றினேன், அவளும் சுற்றினாள். இப்படி இரண்டு பேரும் ஒரு முழு வட்டம் வந்து நின்ற பிறகுதான், அவள் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்தேன். சீப்போ.

என் வாய் திறந்தது, மூடவில்லை. தன் தமிழில்தான் தப்பு என்று சீப்போ நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. இன்னும் மெதுவாக, "சாப்... டீங்களா?" என்றாள்.

காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் அவள் அக்காவிடம் ரகசியமாக இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். என் இங்கிலீஷ் ஃபியூஸ் பெட்டியில் அச்சடிக்கும் அளவுக்குத்தான், ஆனாலும் புரிந்தது. அவர் வேறு ஒரு குழந்தையைத் தேடி வந்தாரா என்று கேட்டாள்.

எந்த வாக்கியத்தையும் முடித்துவைக்கிற நான் கார் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இவளுக்காகத்தான் அக்கா பத்து வருடம் காத்திருந்தாள். இவளுக்காகத்தான் அப்பாவின் ஒரு வார்த்தைக்கும் காத்திருக்கிறாள். நான் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில், நீ அந்தக் குழந்தை இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. சீப்போ ஒரு கவுனை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். அது அவள் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் முடிந்தது. அரைஞாண் முழங்கை வரை ஏறியது. இதெல்லாம் யாருக்கு என்று கேட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என் இங்கிலீஷில் ஒரு பொய்யைச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், எத்தனை வயதானாலும், தூளியில் போட்டு ஆட்டி, சங்கில் பால் ஊட்டி, கையில் வசம்பு கட்டுவோம், அது எங்கள் குடும்ப வழக்கம் என்றேன். சீப்போ கொஞ்ச நேரம் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

(பொய்க்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் யார்தான் கடையைச் சாத்துவார்கள்?)

மறுநாள் காலை வராந்தா உத்திரத்தில் தூளி கட்டினேன். சீப்போ உள்ளே ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டாள். அப்படியும் முழங்கால்கள் வெளியே நின்றன. வசம்பு வளையல் கையில் நுழையாததால் கட்டை விரலில் மாட்டினேன். நான் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் தூளியை ஆட்டி, மறு கையால் சங்கில் பால் ஊட்டியபடி, ஆராரோ பாடினேன். என் குரலுக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

அந்த நேரம் பார்த்து கேட்டைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். தத்துக் கொடுத்த குழந்தை புது வீட்டில் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது வந்து பார்த்து எழுதிப் போகும் அதிகாரி அவர். பெரிய உடம்பு, சின்ன கண்ணாடி, கையில் நோட்டு. அக்கா சமையல் அறையிலிருந்து ஓடி வந்து கதவோரத்தில் சிலையாக நின்றாள்.

அதிகாரி தூளியைப் பார்த்தார், முழங்கால்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் சூளைக்குள் போய்விட்டது. சீப்போதான் தூளியிலிருந்து தலையை நீட்டி, பால் மீசையோடு பதில் சொன்னாள். அவள் சொன்னதை அக்கா பிறகு எனக்கு அப்படியே தமிழில் சொன்னாள்.

"நான் லேட்டா வந்துட்டேன். அதனால இவங்க மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க."

அதிகாரி நோட்டைத் திறந்தார். பேனாவை வைத்ததும் டர்ர் என்று சத்தம். இருபத்தேழு வருடத்துக்கு முன்பு என்னைத் தாங்கிய பருத்திப் புடவைக்கு எட்டு வயதைத் தாங்கும் தெம்பு எங்கே இருக்கும்? நடுவில் கிழிந்தது. சீப்போ நேராக என் மேல் விழுந்தாள். அவள் குதிகால் என் வாயில். முன்பல்லில் பாதி உடைந்து சங்குப் பாலில் விழுந்தது.

போயிற்று என்று நினைத்தேன். இந்த வீடு சரிப்படாது என்று எழுதிக் குழந்தையைக் கூட்டிப்போகப் போகிறார்கள், என்னால்தான். அக்கா அசையவே இல்லை. சீப்போ எழுந்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, வாயைத் திறந்து பார்த்தாள். ரத்தம். ஏதோ ஆறுதல் சொல்ல நினைத்திருக்கிறாள். அதைத் தமிழில் சொல்லவும் நினைத்திருக்கிறாள். தெரிந்ததோ விமான நிலையத்தில் சொன்னது மட்டும்தான்.

"சாப்டீங்களா மாமா?" என்றாள்.

அக்காதான் முதலில் சிரித்தாள். அடுத்து அந்த அதிகாரி படியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். போகும்போது அக்கா பயந்தபடியே என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். எழுத வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று சொல்லி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது சீப்போ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். போனில் சரியாகக் கேட்கவில்லை, எட்டு மாதம் என்று நினைத்துவிட்டேன், வழக்கமெல்லாம் சும்மா என்றேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே, அது கவுனைப் பார்த்ததுமே தனக்குத் தெரியும் என்றாள். அப்புறம் ஏன் தூளியில் ஏறினாய் என்று கேட்டேன். எனக்கு யாரும் கட்டியதில்லையே என்றாள்.

பாதிப் பல்லோடு ஊர் திரும்பினேன். (பிறகு விருத்தாசலத்தில் பீங்கான் பல் வைத்துக்கொண்டேன். கம்பெனியில் எல்லோரும் என் உதட்டைத் தூக்கிப் பார்த்து, கிளேஸ் நல்லா புடிச்சிருக்குது என்றார்கள்.) அப்பா வாசலிலேயே "பல்லு எங்கடா?" என்றார். ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"அடி பட்டுச்சா?" என்றார்.

"கொஞ்சந்தாம்பா, பாதிப் பல்லு..."

"ஒன்ன கேக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அப்பா கொல்லைக்குப் போகவில்லை. தானே எடுத்து, எடுத்தவுடன் "சீப்போ" என்றார். இத்தனை மாசம் கழிச்சு மவகிட்ட பேசுறீங்க, அதுக்குள்ள ஏன் திட்டுறீங்க என்று அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

நான் விட்ட பொய்யைச் சீப்போ விடவில்லை. இன்றுவரை எங்கள் குடும்பத்துக்குப் புதிதாக வரும் யாருக்கும் தூளியிலிருந்து விடுதலை கிடையாது. சித்தப்பா வீட்டு மாப்பிள்ளை தொண்ணூறு கிலோ. அவருக்கு மட்டும் உத்திரத்தை உத்தேசித்துச் சங்குப் பாலோடு நிறுத்திக்கொண்டாள்.

இதில் முதலில் மாட்டியவள் என் மனைவி. எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது சீப்போவுக்குப் பன்னிரண்டு வயது. மணப்பெண் வீட்டுக்குள் நுழைந்ததும், இரண்டாக மடித்துக் கட்டிய புதுப் புடவைத் தூளியைக் காட்டி, "ஏறுங்க அத்த. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாள், சுத்தமான விருத்தாசலத் தமிழில். பட்டுப்புடவையும் மாலையுமாக என் மனைவி தூளியில் உட்கார்ந்து சங்கில் பால் குடித்ததைத் திட்டக்குடியிலிருந்து வந்த பெண் வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். என் மாமனார் தயங்கித் தயங்கி அப்பாவிடம் போய், இது ஒங்க குடும்ப வழக்கங்களா என்று கேட்டார்.

பொய் சொல்லி நான் கேட்டறியாத அப்பா, ஆமாங்க என்றார்.

"எத்தன காலமாங்க?"

அப்பா சீப்போவைப் பார்த்தார். "எங்க பேத்தி வந்ததுலேர்ந்துங்க."