தோளைத் தட்டினால் குடைமிளகாய்

சென்னையில் காதால் சமைத்த ஒரே மனிதர், ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருந்த சைலன்ஸ் சார்தான். மற்றவர்கள் ருசி பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். இவர் வாணலிப் பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குச் சத்தம் பிடிக்கும் வேலையில் இருந்தவர். ஒலிப்பதிவு அறையில் நாள் முழுக்க "சைலன்ஸ்!" என்று கத்திய பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அதனால் அந்தப் பெயர். நிஜப் பெயர் கரண்ட் பில்லில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மனைவி போன பிறகு மகள் ஸ்டெல்லா அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப்போய் ஆறு மாதம் வைத்திருந்தாள். அங்கே சார் ரசித்துப் பார்த்த ஒரே இடம், அவள் தெருமுனையில் இருந்த ஒரு சீனாக்காரர் கடை. பீஃபை மெல்லிசாக நறுக்கி, குடைமிளகாயும் வெங்காயமும் சேர்த்து, பெரிய தீயில் சோயா சாஸ் ஊற்றி வதக்கித் தருவார்களாம். நீங்களும் நானும் என்றால் செய்முறை கேட்டு வாங்கி வந்திருப்போம். இவர் அந்த வாணலி பக்கத்தில் செல்போனை நீட்டி, சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

"எழுதி வெச்சு இன்னா பண்றது நைனா? எல்லாம் இந்தச் சத்தத்துல கீது. கேளு... இப்போ கறி வுழுது. கிண்டாம வுட்டுட்டான். இப்போ கறிய எடுத்துட்டான். இப்போ குடமொளகா!"

எனக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை ஸ்ஸ்ஸ் என்றுதான் கேட்டது. பலமாகத் தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கச்சேரி. கறியை ஃப்ரீசரில் வைத்து, கொஞ்சம் விறைத்ததும் நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அறுப்பார். சோயா சாஸ், சோளமாவு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுப் பிசறி வைப்பார். "நம்ம ஊர் பீஃப் அப்படியெல்லாம் வேகாது சார், குக்கர்ல போட்டு நாலு விசில் விடுங்க" என்றாள் என் மனைவி ஒருமுறை.

"விசிலா? என் கிச்சன்லயா?" என்று சார் கேட்ட தொனியில், அவள் அதற்குப் பிறகு அந்தச் சமையலறைப் பக்கமே போகவில்லை.

மின்விசிறி நிற்கும். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவார். ஒரு நாள் கறி எண்ணெயில் விழுந்த அதே நொடியில் கீழே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. கரண்டியோடு மூன்று மாடி இறங்கி ஓடினார்.

"யம்மா, ஒரே நிமிசம் பாட்ட நிறுத்தும்மா! அடுப்புல கறி கீது!"

"கறின்னா எனக்கும் ஒரு பிளேட் எடுத்தாந்து குடு, நிறுத்துறேன்" என்றார் வண்டி ஓட்டி வந்த அம்மா. கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குள் அந்த வண்டி பாட்டில்லாமல்தான் வரும்.

இதில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. குடைமிளகாய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பேசக் கூடாது, தும்மக் கூடாது. ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் வாயைத் திறக்க முடியாதாம். பக்கத்து ஆளின் தோளைத் தட்டித்தான் 'இப்போ' என்று சொல்வார்களாம். அதே முறை இங்கேயும். என் தோளில் ஒரு தட்டு விழுந்தால் குடைமிளகாயைக் கொட்ட வேண்டும்.

நான் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைத் தோளில் தட்டி வேலை வாங்க இவர் யார் என்று பற்றிக்கொண்டு வரும். பச்சை மாறாத குடைமிளகாயும் பளபளக்கும் சாஸும் பல்லுக்கு வேலை வைக்காத கறியுமாகத் தட்டில் வந்து விழுந்ததும், கோபம் போன இடம் தெரியாது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் சார் புகார் சொல்ல ஆரம்பித்தார். எண்ணெய் கலப்படம் என்றார், மாற்றினார். வாணலி மட்டம் என்றார், மாற்றினார். கடைசியில் கறிக்கடை பாயிடம் சண்டைக்குப் போனார்.

"இன்னா கறி குடுக்கற பாய்? சத்தமே போட மாட்டேங்குது!"

பாய் என்னைப் பார்த்தார். "வெட்டின மாடு சார், அது இன்னா சத்தம் போடும்?"

எங்களுக்குப் புரிந்துவிட்டது. காலிங் பெல்லை அழுத்தினால் கதவு திறப்பதில்லை. கறி தீய்ந்து, புகை எங்கள் ஹால்வரை வந்தது. காதில் மாட்டும் மெஷின் பற்றி என் மனைவி பேச்செடுத்தாள். "என் காதுக்கா? சைலன்ஸ்!" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தாள். "அடுப்பை நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல அங்கிள். வந்து பாக்கறேன். சரியில்லன்னா அப்பாவை இங்கயே கூட்டிட்டு வந்துடுவேன்."

சாருக்கும் அது தெரிந்திருந்தது. "டெஸ்ட் வெக்க வர்றா நைனா. அவ முன்னாடி ஒயுங்கா சமைச்சிட்டேன்னா வுட்டுட்டுப் போவா. இல்லாங்காட்டி பொட்டி கட்டணும். அந்த ஊர்ல தெருவுல ஒரு சத்தம் கெடையாதுப்பா. எனக்குப் பைத்தியமே புட்ச்சிரும்."

அந்த ஞாயிறு ஸ்டெல்லா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறி நின்றது. சார் கறியைப் பரப்பினார். வீடே ஸ்ஸ்ஸ் என்றது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் கிண்ணத்தோடு, தோளில் விழப்போகும் தட்டுக்காகக் காத்திருந்தேன். ஸ்ஸ்ஸ் ஈரம் வற்றிப் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. தட்டு விழவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பயத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

திடுக்கிட்டுப் பார்த்தார். ஒரு நொடிதான். கறியைக் கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டார், என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக் குடைமிளகாயை அவரே கொட்டினார். மறுபடி தட்டினேன், சாஸ் விழுந்தது. மறுபடி தட்டினேன், கறி திரும்ப வாணலிக்கு வந்தது. கடைசித் தட்டுக்கு அடுப்பை அணைத்தார். புரியாமல் தலையாட்டி வைத்த அந்த ஸ்ஸ்ஸ் முழுவதும் எனக்கு எப்போது மனப்பாடம் ஆனதோ தெரியவில்லை.

"இன்னா, சத்தம் எப்டி?" என்றார் மகளிடம்.

"சூப்பர்ப்பா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது அவர் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி என் மனைவி கையில் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் குடுங்க ஆன்ட்டி. அங்கிள் பக்கத்துல இருந்தா போதும்." மற்ற நாளெல்லாம் சாருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஸ்டெல்லா வாங்கிக் கொடுத்த காது மெஷினை, ஷோகேஸில் சினிமாவில் வாங்கிய ஷீல்டுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

போன வருஷம் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்ட எடுத்தார்கள். நாங்கள் அடையாறுக்கு வாடகைக்கு வந்தோம். சார் மகளிடம் போய்விட்டார். வாராவாரம் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வரும். பேச்சு கிடையாது, அந்தச் சீனாக்காரர் கடை வாணலியின் வெறும் ஸ்ஸ்ஸ். அவருக்கே கேட்காத சத்தத்தை எனக்காகப் பிடித்து அனுப்புகிறார். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். குடைமிளகாய் விழ வேண்டிய இடம் வந்ததும் என் வலது கை தானாக எழுகிறது. தட்டத்தான் பக்கத்தில் அந்தத் தோள் இல்லை.