டின்னுக்குள் போன ஏரோப்ளேன்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'வெப்பம்' என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்திச் சோறு சாப்பிட்டவள் நான். உலோகம் சூட்டைக் கடத்தும், பிளாஸ்டிக் சூட்டில் இளகும் என்று கரும்பலகையில் படம் போட்டே காட்டியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, 'பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை. அதோடு ஒரு பைத்தியமும் உண்டு: பிளாஸ்டிக் கிட் கட்டுவது. கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் ஒரு லீவில் வந்தபோது, யாரோ பையனுக்கு வாங்கிய பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். அதில் குட்டி இறக்கை, குட்டிச் சக்கரம், குட்டி விசிறி எல்லாம் காய்த்துத் தொங்கின. ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ட்யூப் பசையால் ஒட்டி, எனாமல் பெயிண்ட் அடித்தால் கையில் ஒரு விமானம். அன்றோடு நான் தொலைந்தேன். (என் வயசுப் பெண்கள் தலையணை உறையில் கிளி பின்னிக்கொண்டிருந்தார்கள்.)

தூசி விழக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒட்டுவேன். பசை வாடையில் தலை கிறுகிறுத்து, சாப்பிட வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவேன். அம்மா புலம்புவாள்.

"பொம்பளப் பிள்ள பெயிண்டுக் கையோட நிக்கிறா. இவள எவன் வந்து கட்டிக்கிட்டுப் போவான்?"

அருள் கட்டிக்கொள்கிறேன் என்றார். எழுமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், எங்களைப் போலவே வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம், மதுரையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. நிச்சயதார்த்தத்துக்கு அவருடைய தம்பி தேவாவும் வந்திருந்தான். பட்டாளத்தில் சரக்கு விமானத்தில் வேலை. லீவு போட்டு வந்தவன் என் விரல் நகத்தைப் பார்த்துவிட்டான்.

"மதினி, என்னது, மருதாணி பச்சையா பிடிச்சிருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் அண்ணனைப் போல அமைதியானவன் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பர்சிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தான். இரண்டு விசிறி வைத்த ஒரு பழைய விமானத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"இதத்தான் நாங்க ஓட்டுறோம். முடிஞ்சா இத ஒண்ணு கட்டிக் குடுங்க. எங்கம்மா நான் பஸ்ல வேலை பாக்குறதாத்தான் இன்னமும் நெனச்சுக்கிட்டிருக்கு."

அந்த மாதமே அந்த விமானம் எங்கோ வடக்கே மேகத்துக்குள் புகுந்து மலையில் மோதியது. தேவாவை ஆணி அடித்த பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் அப்பா மட்டும் அதற்கு முன்பே வடக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்தவர் மனைவியிடம், "தூங்குறாப்புலதான் இருந்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதன்பின் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த அம்மாளும் அழவில்லை. பெட்டி வந்த அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. அது ஊரையே பயமுறுத்தியது.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அருளின் சித்தி ஒருத்தி, "பூ வச்ச நேரம் சரியில்லப்பா" என்று சொன்னது எழுமலையிலிருந்து மதுரைக்கு பஸ்ஸைவிட வேகமாக வந்து சேர்ந்தது. நேரம் என்றால் நான்தான். அம்மா அதன்பின் பெயிண்டைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அவள் பேசாமலிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் கோரிப்பாளையத்தில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. வெளிநாட்டு டார்ச், சென்ட் பாட்டில் எல்லாம் விற்கிற ஒரு பாயின் கடை. மேல்தட்டில் தூசியோடு கிடந்தது. மூடியில் இருந்த படம் பாதி வெளுத்திருந்தாலும் விமானம் தெரிந்தது. இரண்டு விசிறி. தேவாவின் விமானமேதான்.

"ரொம்பப் பழைய மால், டீச்சரம்மா. டப்பாவே இத்துப் போச்சு. வேற ஏதாச்சும் பாருங்களேன்" என்றார் பாய்.

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தேவாவின் வருஷ நினைவு ஜெபத்துக்கு அருளின் அம்மாவே எங்களை வரச் சொல்லியிருந்தார். அங்கே இதைக் கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்தேன். அவன் கேட்டது. அவன் அம்மாவுக்குக் காட்ட நினைத்தது. (சித்தியின் வாயையும் அடைத்துவிடலாம் என்ற கணக்கும் மனசின் ஓரத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.)

என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு பக்தியோடு செய்ததில்லை. ஜெபம்கூட. பெட்டியிலிருந்த ஒட்டுப் படங்கள் தண்ணீரில் போட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கின. அதனால் வால் நம்பரை போட்டோவில் லென்ஸ் வைத்துப் பார்த்து, பிரஷ்ஷில் சில முடியை மட்டும் விட்டுவிட்டு நறுக்கி, கையாலேயே எழுதினேன். கடைசியாக, ஜன்னலோரம் ஒரு குட்டி மனுஷனை உட்காரவைத்து அவனுக்கு ஊசி முனையால் மீசை வரைந்தேன். அச்சு அசல் தேவா.

கிளம்புவதற்கு முந்தின நாள் இறக்கை அடியில் ஒரு விரிசல். பதறிப்போய் ட்யூப்பில் இருந்த பசை முழுவதையும் அதில் பிதுக்கினேன். அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும். இதுவும் எனக்குத் தெரியும்.

நசுங்கக் கூடாதென்று, கடைகளில் பிஸ்கட் போட்டு வைக்கும் பெரிய தகர டின் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். சாய்த்து வைத்தால் உள்ளே போனது. சுற்றிலும் பஞ்சு வைத்து மூடி, மூடியின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். மே மாதம். மத்தியானப் பஸ். உட்கார இடமில்லாமல் அம்மாவும் நானும் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு நின்றோம். நான் டின்னைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்ததைப் பார்த்து டிரைவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"ஏன் டீச்சர் அத இம்புட்டு நேரமா சொமக்குறீங்க? இந்தா, பானட்டு மேல வைங்க. அசையாது."

பானட்டு என்பது, அந்தக் காலத்துப் பஸ்களில் எஞ்சினை மூடியிருக்கும் இரும்பு மூடி. டிரைவரின் மத்தியானச் சாப்பாடு அதன் மேல்தான் சூடாக இருக்கும். அன்றும் ஒரு தூக்குவாளி அங்கே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் டின்னை அதன் பக்கத்தில் வைத்து, "ரொம்ப நன்றிண்ணே" என்றேன்.

உசிலம்பட்டியில் பஸ் நெடுநேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றது. இறங்கும்போது டின் கையைச் சுட்டது. வெயில் என்று நினைத்து முந்தானையால் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டு முன்கூடம் நிறைய ஜனம். தேவாவின் போட்டோவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி. போதகர் ஜெபம் முடித்ததும் அருள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் டின்னோடு எழுந்தேன். உள்ளே ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும் என்ற ஆசை. அதோடு ஒரு சின்னப் பிரசங்கமும் தயார் செய்திருந்தேன்.

"தேவா என்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தாரு. அவரு போன ஏரோப்ளேன். அது எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே, ஒண்ணுகூட மாறாம, செஞ்சு கொண்டாந்திருக்கேன். உள்ள ஜன்னல் ஓரமா அவரும் உக்காந்திருக்காரு."

மூடியைத் திறந்து வெளியே எடுத்தேன்.

ஓர் இறக்கை நனைந்த துணி மாதிரி தொங்கியது. இன்னொன்று முதுகுப் பக்கம் மடங்கியிருந்தது. மூக்கு டின் சுவரில் மோதி உள்ளே போயிருந்தது. வால் கையோடு வரவில்லை. பஞ்சு அங்கங்கே புகை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உருகிய பிளாஸ்டிக் வாடை கூடம் முழுக்கப் பரவியது.

சித்திதான் முதலில் வாய் திறந்தாள்.

"அடி பாவி! விழுந்து கெடந்தது மாதிரியேல்ல செஞ்சு தூக்கிட்டு வந்திருக்கா!"

"இல்லீங்க… பஸ்ல… பானட்டு… தகரம் சூட்டக் கடத்தும்…" என்று நான் ஆரம்பித்தேன். ஒரு துக்க வீட்டில், கையில் அதைப் பிடித்துக்கொண்டு, வெப்பக் கடத்தலைப் பற்றி விளக்கினேன். என் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். போதகர் அவசரமாக வேதாகமத்தில் எதையோ தேடினார். அந்த நிமிஷம் அந்த மலையில் நானும் மோதியிருக்கலாம் என்று தோன்றியது.

அருளின் அம்மா எழுந்து வந்தார். என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள தேவா இருக்கானா?"

"இருக்காரு அத்தை. ஜன்னல்தான் மூடிக்கிருச்சு."

அவர் தன் கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பிடித்தான் கெடந்துச்சா?"

மாமா தூணோடு ஒட்டி நின்றிருந்தார். பதில் சொல்லமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"இம்புட்டுக்கூட மிச்சமில்ல, மரியா" என்றார்.

அப்போது அந்த அம்மாள் அழுதார். ஒரு வருஷம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பார்த்த மலையை, தேவாவை அள்ளிப் போட்டிருந்த பையின் கனத்தை, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஜனம் மெல்ல எழுந்து வெளியே போனது. நான் கொல்லைப்புறம் ஓடினேன்.

மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று, அடுத்த பஸ்ஸில் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அருள் வந்தார்.

"கல்யாணம் நின்னுருச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல. அம்மா ஒன்னய சாப்பிடக் கூப்பிடுது."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. அத்தைதான் பரிமாறினார். முகம் வீங்கியிருந்தது. விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது மட்டும், "டின்ன எடுத்துக்கத்தா, அது இங்க இருக்கட்டும்" என்றார். திரும்பும் பஸ்ஸில் எழுமலையிலிருந்து மதுரை வரை அம்மா பேசவில்லை. வீட்டு வாசலில் வந்துதான், "அப்பமே சொன்னேன், பேசாம ஒரு ஃப்ளாஸ்க் வாங்கிக் குடுத்துட்டு வருவோம்னு" என்றாள்.

அடுத்த மாதம் கல்யாணத் தேதி கேட்டு ஆள் அனுப்பியவர் அத்தைதான். சித்தி ஏதோ சொன்னாளாம். "அவளாச்சும் எனக்குக் காட்டுனா" என்று அத்தை அவள் வாயை அடைத்தாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு, நான் எப்போது ஊருக்குப் போனாலும் அந்த விமானம் தேவாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும். பார்க்கிற போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் தயங்கித் தயங்கி, "அத்தை, வேற ஒண்ணு நல்லதா கட்டித் தாரேன்" என்றேன்.

"வேணாம்த்தா. நேரா நிக்கிற ஏரோப்ளேன்தான் அவன் குடுத்த போட்டோவுல இருக்குல்ல" என்றார்.

அந்த வீட்டில் தேவா போனபின் சிரிப்பே கிடையாது. நாலைந்து வருஷம் அப்படியே போனது. ஒரு கிறிஸ்துமஸுக்கு மாமாவின் பழைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருத்தர், "இது யாரு, மருமகளா?" என்று கேட்டார்.

அத்தை முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லாமல் சொன்னார்: "ஆமா, டீச்சரு. ஏரோப்ளேன் நல்லாக் கட்டுவா. ஏறி மட்டும் உக்காந்திராதீங்க."

எங்களுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது மாமா. சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

இப்போது அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. நான் யாருக்கு எதைச் செய்து கொடுத்தாலும், அது ஸ்வெட்டரோ ஊறுகாயோ, என் பிள்ளைகள் அதே முகத்தை வைத்துக்கொண்டு, "ஏறி மட்டும் உக்காந்திராதீங்க" என்று சொல்லித்தான் நீட்டுகிறார்கள். வாங்குகிறவர்கள் விளங்காமல் விழிக்கிறார்கள். அருள் மட்டும், தன் அப்பாவைப் போலவே, சிரித்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.