ஒரு மணி நேர மாப்பிள்ளை

பொருளாதாரம் படித்தவனைத் தனியாகப் பெண் கேட்க மட்டும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எம்.ஏ. முடித்து மூன்று வருடம் பாறசாலை வீட்டில் உட்கார்ந்து நான் எழுதாத பரீட்சை இல்லை. காஞ்சிரங்குளத்தில் ஷீபா காத்திருந்தாள். "ஒரு வேல உண்டுன்னு சொல்லீட்டு வாங்க, அப்பா சம்மதிப்பாவ. வருத சம்மந்தத்த இதுக்கு மேல என்னால பிடிச்சு நிறுத்த முடியாது" என்று சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வேலைவாய்ப்புக் கணக்கெடுக்க ஒரு மேடம் வீட்டுக்கு வந்தார். வேலை இல்லை என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. அவர் விடவில்லை. கடந்த ஏழு நாளில் வீட்டுத் தொழிலில் ஒரு மணி நேரமாவது உதவினீர்களா என்றார். எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அத்தானுக்குப் பெருங்கடவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம். செவ்வாய்க்கிழமை அவர் சாயா குடிக்கப் போனபோது நான்தான் எடை போட்டேன். (சாயா குடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.) "அப்போ நீங்க வேலை உள்ளவர்தான், சம்பளம் இல்லாட்டியும்" என்று குறித்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாடே என்னை வேலை உள்ளவன் என்று எழுதிவிட்டது, ஷீபாவின் அப்பா மட்டும் மறுப்பாரா?

பெண் கேட்க மாமன், சித்தப்பா, சபை மூப்பர் என்று ஒரு ஜீப் நிறைய ஆள் போவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. நான் மறுநாளே ஒரு ஃபைலோடு போய் நின்றேன்.

ஷீபாவின் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "வேல உண்டா மக்கா?" என்றார்.

"உண்டு மாமா. கவர்மென்ட் கணக்கிலயே உண்டு."

முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே பார்த்துச் சாயா கொண்டுவரச் சொன்னார். "எந்த டிப்பார்ட்மென்டாக்கும்?"

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். விதி! ஃபைலைப் பிரித்து ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டேன். வேலை செய்பவர்கள் ஒரு கட்டம், வேலை தேடுபவர்கள் இன்னொரு கட்டம். இரண்டும் சேர்ந்த கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் தேடுகிறார்களோ அதுதான் வேலையின்மை விகிதம். முதல் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து, அது நான்தான் என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். "அப்போ இந்த விகிதம் கொறஞ்சா ஆளுகளுக்கு நல்ல வேல கிட்டிச்சுன்னு அர்த்தம், இல்லியா?"

"ஐயோ, அப்படி நம்பிடவே கூடாது மாமா!" (இவ்வளவு நல்ல கேள்வியை எந்தப் பரீட்சையிலும் என்னிடம் கேட்டதில்லை.) "வாரத்தில ஒரு மணிக்கூறு கிழங்கு எடை போட்டவனும் அதில உண்டு. சம்பளமே இல்லாதவனும் உண்டு."

"கிழங்கு எடை போட்டது ஆரு?"

"நான்தான்."

சாயாவோடு கதவருகே நின்ற ஷீபா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அந்தத் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "எலே, இத டெல்லியில கொண்டு காட்டு. இங்க வேற வேல கிட்டினா வா."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதன்பிறகு அந்தத் தெருப் பக்கம் நான் போகவே இல்லை. இரண்டு வருடம் கழித்துக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அதற்குள் ஷீபாவைப் பொழியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றும் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் அத்தான், "எங்க நம்ம ஒரு மணிக்கூறு மாப்பிள?" என்று தொடங்கிவிடுவார். குழந்தைகள் வரை உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் நெய்யாற்றின்கரைத் துணிக்கடை ஒன்றில் ஷீபாவைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தாள். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறதாம்.

"அப்பாக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருந்து. தனக்கு எதிரா தானே உண்மை சொல்லுத பயன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. வருவான், பின்னயும் வந்து கேட்டா குடுப்போம்னு, ஒரு வருஷம் வந்த சம்மந்தத்த எல்லாம் தட்டிவிட்டாவ. நீங்க ஏன் வரல்ல?"

"வேல தேடிட்டு இருந்தேன்" என்றேன்.

தேடுவதை நிறுத்தியவனை அந்தக் கணக்கில் வேலையில்லாதவன் என்றுகூட எழுதமாட்டார்கள் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடத்துகிறேன். அந்தத் தெருப் பக்கம் போகாமலே நின்றுவிட்ட நானும் அவன்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

அத்தானிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் யாரும் சிரிக்கமாட்டார்கள்.