ஐந்தாவது கருத்து

"சார், ஒரு நிமிஷம்! கருத்தைச் சொல்லிட்டுப் போங்க!"

ஓடுகிற பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே திம்மராயனும் ஓடினான். கழுத்தில் தொங்கிய காமிரா நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிய ஆள் குனிந்து கத்தினார். "என்னா கருத்து?"

"ரயில் ஸ்ட்ரைக்கைப் பத்தி!"

"கைய விட்டா கீழ விழுந்துருவேன். அதான்யா என் கருத்து!"

திம்மராயன் பட்டனை அமுக்கினான். பஸ் அவன் முகத்தில் புகையை ஊதிவிட்டுச் சேலம் ரோட்டில் திரும்பியது. படத்தில் ஒரு முழங்கையாவது விழுந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

1974, மே மாதம். நாடு முழுக்க ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம். ஓசூர் ஸ்டேஷனில் தண்டவாளத்தின் மேல் ஆடு படுத்திருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் திம்மராயனுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. வாசலில் கயிறு கட்டி வாரப் பத்திரிகைகளும் விற்பான். காலையில் மெட்ராஸ் பத்திரிகை ஆபீசிலிருந்து டிரங்க் கால் வந்திருந்தது. ஸ்ட்ரைக்கைப் பற்றி எல்லையோரத்து ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்? ஐந்து பேர் கருத்து, படத்தோடு, சாயங்கால பஸ்ஸிலேயே வர வேண்டும். வெள்ளிக்கிழமை இதழில் போடுவார்கள். நன்றாக இருந்தால் இனி அவன்தான் இந்தப் பக்கத்து நிருபர்.

நிருபர்! ஸ்டுடியோ கண்ணாடி முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

அடுத்து மார்க்கெட். தக்காளி மண்டி சரோஜம்மாள் கேட்ட மாத்திரத்தில் கொட்டினாள்.

"எழுதிக்க. வேலைக்கு வராதவனையெல்லாம் தூக்கி உள்ள போடணும். என் தக்காளி சேலத்துக்குப் போவாம கூடையிலேயே ரசமாவுது!"

அவன் எழுதி முடிப்பதற்குள், ஸ்ட்ரைக்கில் இருந்த ரயில்வே கலாசித் தொழிலாளி ஒருவர் பையோடு வந்து நின்றார்.

"எழுதிக்க" என்றாள் சரோஜம்மாள். "பாவம், அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க. கேக்கறதக் குடுத்தா கவர்மெண்டுக்கு என்னா கொறஞ்சி போவுது?"

கலாசி போனதும் பெங்களூர் லாரிக்காரர் வந்தார். ரெண்டு பக்கமும் திருட்டுப் பசங்கள் என்று அவரிடம் கன்னடத்தில் சொன்னாள்.

"ஏம்மா, இதுல எதுதான் உங்க கருத்து?"

"தமிழ்ல ரெண்டு சொன்னேன், கன்னடத்துல ஒண்ணு. தெலுங்குல இன்னும் சொல்லல. வேணுமா?"

திம்மராயன் யோசித்தான். ஒரே வாயிலிருந்து மூன்று கருத்து. முக்காடு போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். முழங்கையோடு சேர்த்தால் நாலு. பாக்கி ஒன்றுதான்.

அந்த ஒன்றுக்காக ஸ்டேஷன் பக்கம் போனதுதான் வினையாகிவிட்டது.

"யார்ரா நீ? ஸ்டேஷனைப் போட்டோ புடிக்கிறியா? நாச வேலையா?" சப்-இன்ஸ்பெக்டர் காமிராவையே பிடித்து இழுத்தார்.

"ஐயா, பத்திரிகை! ஜனங்க கருத்துக் கேட்டுப் போடறோம்!"

"பத்திரிகையா?" பிடி தளர்ந்தது. தொப்பி நேரானது. "என்னைப் பாத்தா ஜனமாத் தெரியலியா?"

தண்டவாளத்தில் ஒரு கால் வைத்து ஒரு படம். லத்தியோடு ஒன்று. தூரத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சில. கருத்தும் நீளமாகத்தான் சொன்னார். முடித்துவிட்டு, "அரசாங்க உத்தியோகஸ்தன், கருத்து சொல்லக்கூடாது. படத்தை மட்டும் போடு" என்றார்.

"சும்மா படத்தை எப்படிங்க ஐயா...?"

"அப்ப வீரச்செயல்னு போடு. தண்டவாளம் மாத்தற பாயிண்ட்ஸ்மேன் கோவிந்தப்பன் தலைமறைவா இருக்கான்ல, ரெண்டு நாள்ல புடிச்சிருவேன். வீட்டு வாசல்லயே ஆளைப் போட்டிருக்கேன். அவன் பொண்ணுக்குக் கடுமையான ஜுரமாம். சேதி தெரிஞ்சா அப்பன்காரன் வராம இருப்பானா? வந்தான்னா அமுக்கு! ஆறு மாசம் உள்ளதான். வேலையும் காலி."

கோவிந்தப்பனைத் திம்மராயனுக்கு நன்றாகத் தெரியும். தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்கும் ஆள். போன வாரம் வரவில்லை.

பாவம் என்று தோன்றியது. கூடவே, ஸ்ட்ரைக்காரன் பெண்டாட்டியின் கருத்து என்றால் முதல் பக்கத்திலேயே போடுவார்கள் என்றும் தோன்றியது. ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. போலீஸுக்குப் பயந்து எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். கோவிந்தப்பன் வீட்டு எதிரில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் கான்ஸ்டபிள் ராஜப்பன் உட்கார்ந்திருந்தார். வயசானவர். வேலை என்னவென்று கேட்டுவிட்டு, போ என்று தலையை ஆட்டினார்.

கோவிந்தப்பன் பெண்டாட்டி நாகம்மா கதவைத் திறந்தாள். வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தது. அவள் தலை ஈரம் சொட்டியது.

"ரயில் ஸ்ட்ரைக்கைப் பத்தி உங்க கருத்து..."

"கருத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயிடுங்கண்ணா."

"வெள்ளிக்கிழமை போட்டோவோட வரும்மா. உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட வாங்குவாரே, அதே புஸ்தகம்."

மூடப்போன கதவு பாதியில் நின்றது.

"அது எல்லா ஊருக்கும் போவுமா?"

"பக்கத்து ஜூஜுவாடியிலயும் கெடைக்கும், பம்பாயிலயும் கெடைக்கும்."

"இருங்க."

உள்ளே போனவள் வெளியே வர நேரமானது. பட்டுப்புடவை. பெரிய குங்குமம். எங்கே பறித்தாளோ, தலையில் ஒரு ரோஜா.

"எழுதுங்க" என்றாள். "ரெண்டாள் வேலைய எங்க வீட்டுக்காரரு ஒத்தையாப் பாக்கறாரு. மாத்தறதுக்கு ஆள் இல்ல. புள்ளைக்கி முடியலன்னாக் கூட லீவு இல்ல. ஆளைப் போடுன்னு கேட்டது தப்பா?"

"அடிச்சீங்க! நிறுத்திக்குவோம்."

"இன்னும் இருக்குது. எம் பொண்ணு செல்லிக்கு ஜுரம் விட்டுருச்சி. நேத்தி ரெண்டு இட்லி தின்னா. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம்."

"அம்மா, நான் ரயிலைப் பத்திக் கேட்டேன். நீங்க இட்லியைப் பத்திச் சொல்றீங்க."

"போட்டா எல்லாத்தயும் போடுங்க. இல்லாட்டி போட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஜுரத்தை மட்டும் வெச்சிக்கிறேன். இட்லி வேணாமே?"

"இட்லிதாண்ணா முக்கியம்! சாப்புட்டான்னாத்தான் நம்புவாரு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். திம்மராயனின் பேனாவும் நின்றது. திரும்பிப் பார்த்தான். கான்ஸ்டபிள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது ஜனங்களின் கருத்து இல்லை, ஒரே ஒரு ஆளுக்குச் சேதி. இதைப் போட்டால் நிருபர் உத்தியோகம் கிடைக்காது, விலங்குதான் கிடைக்கும்.

"ஸ்ட்ரைக் முடியற வரைக்கும் யாரும் வேலைக்கும் வர வேணாம், வீட்டுக்கும் வர வேணாம்" என்றாள் மெதுவாக. "அதையும் எழுதுங்க."

எழுதினான்.

"பாப்பாவையும் பக்கத்துல நிறுத்துங்களேன். படம் எடுப்பா இருக்கும்."

"தூங்கறா. எழுப்ப வேணாம்."

வாசலில் நின்று அவளாகவே சிரித்தாள். அத்தனை பெரிய சிரிப்பைத் திம்மராயன் கல்யாண வீட்டுப் படங்களில்கூடப் பார்த்ததில்லை. கடைசிப் படத்தை அமுக்கினான்.

சைக்கிளை எடுத்து நாலு மிதி மிதிப்பதற்குள் கான்ஸ்டபிள் ராஜப்பன் ஹாண்டில்பாரைப் பிடித்துவிட்டார்.

"எழுதுனதைக் குடு."

கொடுத்தான். அவர் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார். இட்லி வந்த இடத்தில் நின்று இன்னொரு தடவை படித்தார்.

"இது என்னான்னு எனக்குப் புரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

"சார், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கிழிச்சிப் போட்டுடறேன். அந்தம்மாதான் சொல்லுச்சி..."

"கிழிச்சே, உன் கைய ஒடைச்சிருவேன்" என்றார் ராஜப்பன். காகிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார். "ஒரு எழுத்து மாத்தாம போடு. ஆம்பளத் தொணை இல்லியேன்னு, விடியக்காலைல அந்தக் கொழந்தையத் தூக்கினு போயி பொதைச்சிட்டு வந்தது நான்தான்யா."