மூலை வெட்டாத பாஸ்போர்ட்

விசா வித்தகர் என்றோர் இனம் உண்டு. நம்மவர்கள் நாலு பேர் பிழைக்கப் போன எந்த ஊரிலும் இந்த இனத்தில் ஒருவராவது இல்லாமல் போக மாட்டார். அவர் தூதரகத்தில் வேலை பார்ப்பவர் அல்ல. வக்கீல் அல்ல. டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜெண்டுகூட அல்ல. பகலெல்லாம் எங்கேயோ ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பார். என்றைக்கோ ஒரு தடவை தன் பாஸ்போர்ட்டைத் தானே போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு முன்னால் அவரும் உங்களையும் என்னையும் போலச் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். அந்த ஒரு காரியத்துக்குப் பிறகு அவருக்கு ஞானம் வந்துவிட்டது.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதற்குள் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோக்கள், நகல்கள், அந்த நகல்களின் நகல்கள், யாருக்காவது தேவைப்படும் என்று ஒரு பசைக்குச்சி, கறுப்பு மை பேனா, அது எழுதாவிட்டால் இன்னொரு கறுப்பு மை பேனா. குழந்தையின் பிறந்தநாளுக்கு அழைத்தாலும் ஃபைலோடுதான் வருவார். மெழுகுவர்த்தியை ஊதுவதற்குள் அறையில் இருக்கிற அத்தனை பேருடைய விசாவும் என்றைக்கு முடிகிறது என்று விசாரித்துவிடுவார். உங்களுடையது இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று நீங்கள் தப்பிக்கப் பார்த்தால், டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு எதைச் சொன்னாலும் 'அது ஒண்ணுமே இல்ல' என்றுதான் தொடங்குவார்.

இணையதளத்தில் வேறு மாதிரிப் போட்டிருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள்.

"அதெல்லாம் போட்டிருப்பாங்க. நடைமுறை வேற."

ஆபீசுக்கே போன் செய்து கேட்டேன் என்று சொல்லிப் பாருங்கள்.

"ஆபீசுல கேட்டா? அவங்க ரூலைத்தானே சொல்லுவாங்க."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கேக்கைச் சாப்பிட வேண்டியதுதான்.

விருந்தில் சந்திக்கிற வித்தகரிடமிருந்து எப்படியாவது நழுவிவிடலாம். அவரே அக்கா புருஷனாக வாய்த்துவிட்டால்? ஒரு தம்பிக்கு வாய்த்தார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாட்டில் நீண்டகால விசாவில் மனைவியோடு குடியிருப்பவன். புதிதாக வந்த ஒரு மாடலைப் பழகிக்கொண்டு வரும்படி கம்பெனி அவனை இன்னொரு நாட்டுக்கு அனுப்பியது. அங்கேதான் அக்கா குடும்பம் இருந்தது. நானிருக்கும்போது ஹோட்டல் எதற்கு என்று அக்கா பிடிவாதமாக அவனை வீட்டிலேயே தங்கவைத்தாள். அவன் விட்டுவந்த வீட்டில் மனைவிக்கோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம். அந்த ஊரில் அவளுக்கு இவனைத் தவிர துணை கிடையாது. வலி எடுப்பதற்குள் வந்துவிடுவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

பயிற்சி முடிகிற சமயத்தில்தான் பாஸ்போர்ட் காலாவதியாகப் போவதைக் கவனித்தான். விசாவுக்கு இன்னும் வருஷக்கணக்கில் உயிர் இருந்தது. அது ஒட்டியிருந்த புத்தகத்துக்குத்தான் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. உடனே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். விசா கொடுத்த நாட்டு அலுவலகத்தையும், இங்கே இருக்கிற நம் தூதரகத்தையும் போனில் கேட்டான். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். புதிய பாஸ்போர்ட் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பழையதன் மூலையை வெட்டித் திருப்பித் தந்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற விசாவுக்கு ஒரு குறையும் இல்லை. போகும்போது பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டினால் போதும். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், அவன் அதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லாமல் இருந்திருந்தால்.

அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"மூலையை வெட்டுவாங்களா?"

"ஆமா அத்தான். பழசு இனிமே செல்லாதுங்கிறதுக்கு அடையாளம்."

"பழசு செல்லாது. அப்ப அதுக்குள்ள இருக்கிற விசா மட்டும் எப்படி மாப்ளே செல்லும்?"

"செல்லும்னுதான் ரெண்டு இடத்திலயும் சொன்னாங்க."

"சொல்லுவாங்க. நடைமுறை வேற. ஏர்போர்ட்ல ஒருத்தன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மூலை இருக்காது. ஓரமாப் போய் நில்லுன்னுடுவான். என் கண்ணால பார்த்திருக்கேன்."

எங்கே பார்த்தார், யாரைப் பார்த்தார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. வித்தகர்கள் பார்த்ததற்குச் சாட்சி வைத்துக்கொள்வதில்லை.

"அவன்தான் விசாரிச்சுட்டானே. நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் அக்கா.

"நீ குழம்பை ஊத்து" என்றார் அத்தான். பிறகு ஈரக்கையை உயர்த்தி, மேஜைக்கு மேலே ஒரு கணக்கு வரைந்தார். "அது ஒண்ணுமே இல்ல மாப்ளே. வெட்டக் கொடுத்தாத்தானே வெட்டுவாங்க? தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. புதுசு வந்துடும். பழசு முழு மூலையோட உன் பையில இருக்கும். ரெண்டையும் கொண்டுபோய்க் காட்டு, எவன் கேட்கப்போறான்?"

தம்பி முட்டாள் இல்லை. அந்தரத்தில் தொங்குகிற பெட்டிக்குள் பதறுகிறவர்களைப் பொறுமையாக வெளியே கொண்டுவருகிறவன். ஆனால் அத்தானின் வீட்டில் தங்கி, அத்தானின் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, 'உங்க யோசனை வேணாம்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அக்கா அல்லவா அதை அனுபவிக்க வேண்டும்? போதாததற்கு, ஒருவேளை மூலை இல்லாததைப் பார்த்து அங்கே நிஜமாகவே நிறுத்திவிட்டால் என்ற பயம் வேறு உள்ளே புகுந்துவிட்டது. வித்தகரின் மொத்தப் பிழைப்பும் அந்த 'ஒருவேளை'யில்தான் நடக்கிறது.

காவல் நிலையத்துக்கு அத்தானே அழைத்துப் போனார். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எந்த பஸ் என்று கேட்டார் அதிகாரி. அத்தான் சொன்னார். எந்த நிறுத்தம் என்று கேட்டார். அதையும் அத்தானே சொன்னார். பாஸ்போர்ட் எண் என்ன என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தான் நிதானமாகச் சுவர்ப் பக்கம் திரும்பி, ஃபைலைக் கொஞ்சமாகத் திறந்து, தொலைந்துபோன பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் கொடுத்தார். அதிகாரியும் நன்றி சொல்லிவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டார்.

புதிய பாஸ்போர்ட் வந்தது. பழையதும் பத்திரமாக, நான்கு மூலைகளோடு இருந்தது. அத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, கூடவே நீளமாகக் குரல் பதிவும் போட்டார். மனைவி போனில் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டாளாம். "அப்பா வர்ற வரைக்கும் பேசாம இருன்னு உள்ள சொல்லிவச்சிருக்கேன்" என்றாள்.

விமான நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் பழைய பாஸ்போர்ட்டின் எண்ணைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். இது தொலைந்துபோனதாகப் பதிவாகியிருக்கிறதே என்று கேட்டார் அவர். கிடைத்துவிட்டது என்றான் தம்பி. தொலைந்ததென்று ஒருமுறை எழுதிக்கொடுத்தால் கிடைத்தாலும் தொலைந்ததுதான், உள்ளே இருக்கிற விசாவும் அத்தோடு போயிற்று, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் மரியாதையாகவே சொன்னார். அடுத்த கவுன்ட்டரில் ஒரு பெரியவர் ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு பாஸ்போர்ட்டுகளை நீட்டினார். அதில் ஒன்றுக்கு மூலை இல்லை. பெட்டியை எடை போட்டு, ஜன்னல் ஓர இருக்கை வேண்டுமா என்று கேட்டு, அவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

தம்பி பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். அங்கே அத்தான், சக்கரம் உடைந்த பெட்டியோடு நின்ற முன்பின் தெரியாத ஒருவருக்கு, விமானக் கம்பெனியிடம் எப்படி எழுதிக்கொடுத்து நஷ்டஈடு வாங்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பம் போட்டு, கம்பெனியிடமிருந்து கடிதம் வரவழைத்து, காவல் நிலையத்தில் நடந்ததற்குத் தனியாக விளக்கம் எழுதிக்கொடுத்து அவன் அலைந்துகொண்டிருந்தபோது அங்கே மகள் பிறந்துவிட்டாள். மாடி வீட்டுப் பெண்மணிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், அவள்தான் போனைப் பிடித்துக் குழந்தையைக் காட்டினாள். அக்காவின் சமையலறையில் நின்றபடி தம்பி பார்த்தான். பார்த்துவிட்டு அழுதான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவளும் அழுதாள்.

அத்தான்? அத்தானுக்கு வருத்தம்தான். ஆனால் வித்தகருக்கு வருத்தம் வந்தாலும் தப்பு வராது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லச் சொன்னது நான்தான், இல்லேங்கல. ஆனா கவுன்ட்டர்ல பழசை முதல்ல நீட்டச் சொன்னேனா? புதுசை நீட்டி ரெண்டு வார்த்தை பேசியிருக்கணும். பாதி சொல்றதுக்குள்ள ஓடினா நான் என்ன பண்றது?"

ஒருநாள் தம்பி மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டினார்.

"குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கணுமேம்மா, கவலைப்படாத. அது ஒண்ணுமே இல்ல. போட்டோவில கண்ணு திறந்திருக்கணும்னு சொல்லுவாங்க, ஆனா நடைமுறை..."

"அண்ணா" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "இவ அப்பாவை அனுப்பிவைங்க. அது போதும்."

அத்தான் தலையை இழுத்துக்கொண்டார். ஃபைலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து அவர் யாரோடோ போனில் பேசுவது கேட்டது. யாருக்கோ விசா முடியப்போகிறதாம்.

பாவம் அந்தத் தம்பி என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். நல்லது. உண்மையைச் சொல்லுங்கள்: படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது ஓரிடத்தில், 'தொலைஞ்சதுன்னு சொன்னது தப்பு, தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கணும்' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் பரவாயில்லை, மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் சொல்லிவிடாதீர்கள்; அவன் வீட்டில் யார் வாசலில் பை கட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.