ஆண் பூனைக்கு மூன்று குட்டி

படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவதைவிடப் படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் சுலபமாக வந்திருக்கிறது. படித்துவிட்டால் அங்கே இங்கே குறை தெரியும், பெயர்கள் மறந்துபோகும், நடுவில் தூங்கிவிட்டது நினைவுக்கு வரும். படிக்காவிட்டால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. மனம் திறந்து பாராட்டலாம். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வயதுவரை புதுச்சேரியில் கௌரவமாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குத் தொழில் டி.டி.பி. கடை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பேப்பர் வெட்டும் கட்டர், பசை போட்டுப் புத்தகம் ஒட்டுகிற சின்ன மெஷின் ஒன்று. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன். நாள் முழுக்க எழுத்துக்களோடு இருந்ததில் நான் ஓர் இலக்கியவாதி என்ற எண்ணம் எப்படியோ எனக்குள் ஏறிவிட்டது. (பிரிண்டருக்கும் அதே எண்ணம் இருந்திருக்கலாம். அதுவும் நிறையப் படித்தது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.)

குருசுக்குப்பத்தில் மதாம் ரோசலி வீட்டு மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஏழெட்டுப் பேர். மதாம் ஓய்வு பெற்ற பிரெஞ்சு டீச்சர். முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியவர். எங்கள் ஊரில் பிரெஞ்சு டீச்சர் என்றால் ஊருக்கே மதாம்தான். என் பெயர் மெர்சி. பிரெஞ்சில் மெர்சி என்றால் நன்றி. யாராவது மதாம் கையில் டீயைக் கொடுத்தால் அவர் "மெர்சி" என்பார், நான் "என்ன மதாம்" என்று எழுந்து நிற்பேன். மூன்று வருஷமாக நடந்தும் எனக்கு இது பழகவில்லை.

அந்த வருஷம் மதாமுக்கு இருதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. நல்லபடியாகத் தேறி வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதம் கழித்து வட்டத்தை மறுபடி கூட்டலாம் என்று நாங்கள் போனபோது, அவருடைய மகள் செலின் அக்கா எங்களைக் கீழே ஹாலிலேயே நிறுத்திவிட்டார்.

"அம்மா மனசு சந்தோஷமா இருக்கணும்" என்றார். "நீங்க படிக்கிற அழுமூஞ்சிக் கதையெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணாம். போன தடவ பஞ்சம், அதுக்கு முந்தின தடவ தூக்கு. இந்தத் தடவ படிச்சா சிரிப்பு வரணும். சாவு கீவு எதுவும் இருக்கக் கூடாது. யாரு புக்கு தேடப் போறீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் வட்டத்தில் சந்தோஷமான நாவல் படித்தவர் யாருமே இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடை ஹமீது பாய் மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, "ஒண்ணு இருக்கும்மா, அதுல கடைசில ரெண்டு பேர் பொழச்சிக்கிறாங்க" என்றார். ஹமீது பாய் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பவர். ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து பொய்யும் சொல்வதில்லை.

"நான் பாத்துக்கறேன் அக்கா" என்றேன். "எனக்கு இந்த மாதிரி நாவல்னா உயிரு. நூறாவது படிச்சிருப்பேன்."

நூறு பத்திரிகை அடித்திருந்தேன் என்பதே உண்மை.

மனதுக்கு இதமான நாவலை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே படித்துப் பார்த்துத் தேட எனக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அட்டையை வைத்துத்தான் முடிவு செய்தேன். புத்தகக் கடையில் நின்றபடியே ஒரு சாஸ்திரம் உருவாக்கினேன். அட்டையில் மழை பெய்தால் யாரோ சாகப்போகிறார்கள். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் கல்யாணம் நின்றுபோகும். ஒற்றை மரம் இருந்தால் நிலம் கைவிட்டுப் போகும். பூனை இருந்தால் ஒன்றும் ஆகாது.

பூனை கிடைத்தது. 'பூனைக்கும் ஒரு நாற்காலி' என்று நாவல். மஞ்சள் அட்டை, ஜன்னல், காபி டம்ளர், நாற்காலியில் சாம்பல் நிறப் பூனை. பின்னட்டையில், 'படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டியணைக்கத் தோன்றும்' என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு அப்போது எங்களுக்குத் தண்ணீர்க் குழாய்ச் சண்டை. அவரையே கட்டிப்பிடிக்க வைக்குமென்றால் இது பலமான புத்தகம்தான் என்று தோன்றியது. நின்றபடியே இருபது பக்கம் படித்தேன். எழுபது வயதில் பேக்கரி தொடங்கும் சரோஜினி என்றொரு அம்மாள். அவள் கருக்கி எடுக்கும் பன்னையெல்லாம் நல்லாயிருக்கு என்று சாப்பிடுகிற, கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எட்டுப் பிரதி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். மதாமுக்குக் கொடுக்கும்போது, "கடைசி அத்தியாயத்தப் படிக்கறப்ப எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு மதாம்" என்று வேறு சொல்லிவைத்தேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், ஹமீது பாய் போன் செய்தார்.

"ஏம்மா, கடைசி அத்தியாயம் படிச்சியா?"

"படிச்சேனே பாய். பிரமாதம்."

"நீ இவ்ளோ கல்மனசுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துவிட்டு, கல்லா மேஜைக்குக் கீழே வைத்துக் கடைசிப் பதினான்கு பக்கத்தையும் படித்தேன். அதற்கு முந்தின அத்தியாயத்தையும் புரட்டினேன், அதில் சரோஜினிக்கு இருதய ஆபரேஷன். நல்லபடியாகத் தேறி வீட்டுக்கு வருகிறாள். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில், பூனையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போகிறாள்.

உடனே மதாமுக்குப் போன் போட்டு, எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று கேட்டேன்.

"நூத்தி நாப்பது" என்றார். "சரோஜினிக்குப் படி ஏறினா மூச்சு வாங்குது. என்ன ஆகுமோ தெரியல. நீ சொல்லிடாத."

"மதாம், உங்க காப்பில கடைசிப் பக்கமெல்லாம் தப்பா இருக்கு. நான் வந்து வாங்கிட்டுப் போய் மாத்திக் குடுக்கறேன்."

(யோசித்துப் பார்த்தால் அது பொய்யே இல்லை. என் பார்வையில் தப்பாகத்தான் இருந்தது.)

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புத்தகத்தை வாங்கி வந்தேன். வந்ததும் வராததுமாகக் கட்டரில் வைத்து நூற்றெண்பத்தேழிலிருந்து இருநூறு வரை வெட்டி எடுத்தேன். இனி அந்தப் பதினான்கு பக்கத்தையும் நானே எழுத வேண்டும். என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை முழுக்கப் போய், 'பொழுது விடிந்தது' என்று ஒரு வரி வந்தது. மத்தியானத்துக்கு மேல் சரோஜினிக்கும் கப்பல்காரருக்கும் கடற்கரையில் கல்யாணம் செய்துவைக்க முடிவு செய்ததும் கை தானாக ஓட ஆரம்பித்தது. கல்யாணம்தானே என் தொழில். 'சுபயோக சுபதினத்தில்' என்றது விரல். 'சுற்றமும் நட்பும் சூழ' என்றது. அதையெல்லாம் எழுதியும் ஏழு பக்கம்தான் ஆனது. மீதிக்கு எங்கே போவது? பிளம் கேக் செய்முறையை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். பூனை மூன்று குட்டி போட்டது, இரண்டு பக்கம். குட்டிகளுக்குப் பெயர் வைத்தார்கள், மூன்று பக்கம்.

நாவலின் எழுத்துருவுக்குப் பக்கத்தில் வருகிற எழுத்துரு ஒன்று என்னிடம் இருந்தது. பேப்பர் மட்டும் கொஞ்சம் அதிக வெளுப்பு. சனிக்கிழமை காலை ஒட்டி எடுத்து, ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"புக்கு சூடா இருக்கே" என்றார் மதாம்.

"வெயில் மதாம்" என்றேன்.

அதோடு வேலை முடியவில்லை. மற்றவர்கள் கையில் இருப்பது அசல் முடிவாயிற்றே. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, மதாம் எதிரில் சரோஜினி சாகவில்லை, கல்யாணம் செய்துகொள்கிறாள், அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். மதாமின் உடம்பை நினைத்து எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஹமீது பாய் மட்டும், "நான் பொய் சொல்ல மாட்டேன்மா" என்றார்.

"பொய் சொல்ல வேணாம் பாய். சும்மா இருங்க."

"சும்மா இருப்பேன்" என்றார்.

ஞாயிறு மாலை எல்லோரும் மாடியில் கூடினோம். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் சிரிக்கப் பயிற்சி எடுத்ததுபோல ஒவ்வொரு முகமும் இருந்தது. செலின் அக்கா மட்டும் நிஜமான மகிழ்ச்சியோடு பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மதாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பை ஆரம்பிப்பதுபோலக் கேட்டார்.

"வசந்தா, கடைசி அத்தியாயத்துல உனக்குப் பிடிச்சது எது?"

வசந்தா போஸ்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர். எங்கள் தெருதான். ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. "கல்யாணம்தான் மதாம். ஊட்டில அந்தக் குளிர்ல, மலை மேல..."

"ஊட்டியா? கடற்கரைன்னு இல்ல இருக்கு?"

"ஆமாம் மதாம், கல்யாணம் கடற்கரைல. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஊட்டிக்குப் போறாங்க."

"ஊட்டில குட்டிங்கள என்ன பண்ணாங்க?"

வசந்தா என்னைப் பார்த்தார். குட்டிகளைப் பற்றி நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. "குட்டிங்கள எல்லாம்... கான்வென்ட்ல சேத்துட்டாங்க மதாம்" என்றார்.

மதாம் தலையை ஆட்டிவிட்டு ஹமீது பாயின் பக்கம் திரும்பினார். "பாய், உங்களுக்கு?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மதாம்."

"யாரு சொன்னது?"

ஹமீது பாய் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருப்பதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கண்ணாடியை மட்டும் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதாம் பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு மஞ்சள் புத்தகங்களை எடுத்து மடியில் வைத்தார். ஒன்றில் பென்சில் கோடுகள். மற்றதில் சிவப்பு மை.

"நூத்தி எண்பத்தாறாம் பக்கம் வரைக்கும் இந்த எழுத்தாளருக்கு ர, ற வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் மறந்துபோச்சு. பாவம், மனுஷனுக்கு எதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். நேத்து சாயங்காலம் பாய்க்குப் போன் பண்ணி, கடைசில என்ன ஆவுதுன்னு கேட்டேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன், வேணும்னா என் புக்கத் தரேன்னு கொண்டாந்து குடுத்தார்." பிறகு சிவப்பு மைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். "இது இப்பிடி முடியுது. 'தங்கள் நல்வரவை விரும்பும்.' யாரு விரும்பறாங்கன்னு போடல."

கல்யாணப் பத்திரிகையின் அடிவரி. அழிக்க மறந்திருக்கிறேன்.

செலின் அக்காவுக்கு மெல்ல விஷயம் புரிந்தது. முதலில் அவருக்கு என் மேல் கோபம்கூட வரவில்லை. அம்மாவின் பக்கம் ஓடி, "நீ அந்த ஒரிஜினல படிச்சிட்டியா? அதுல என்ன இருக்கு?" என்றார்.

"சாவு இருக்கு. படிச்சிட்டேன். நல்லா அழுதேன்." மதாம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசமா நீங்க யாரும் என்ன அழ விடல செலின். எழுந்தா சிரி, மாத்திரை போட்டா சிரி. உள்ள இருந்த பயத்த யார்கிட்டயும் சொல்ல முடியல. செத்துப்போறவங்களப் பத்திப் படிச்சா யாரும் செத்துட மாட்டாங்க. நான் நடத்துன பாடத்துல பாதிப் பேரு கடைசிப் பக்கத்துல செத்தவங்கதான். நான் ஒரு நாள் லீவு போட்டதில்ல."

செலின் அக்கா அம்மாவின் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அவருக்கும் அந்த இரண்டு மாதம் பாக்கி இருந்திருக்கிறது. வசந்தா அழுதார். நானும் அழுதேன், என் கணக்கு வேறு.

எல்லோரும் மூக்கைத் துடைத்து முடிந்ததும் மதாம், "மெர்சி" என்றார். நன்றியா, அழைப்பா என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

"இருபதுக்கு நாலு."

(பிரெஞ்சுப் பாடத்தில் மார்க் எப்போதும் இருபதுக்குத்தான்.)

"எண்பது எழுத்துப் பிழை. கப்பல்காரர் பேரு ரெண்டு எடத்துல மாறியிருக்கு. அந்தப் பூனை மூணாவது அத்தியாயத்துல ஆண் பூனை. உன் அத்தியாயத்துல மூணு குட்டி போட்டிருக்கு. புக்க நீ படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவமானத்திலும் எனக்கு ஒரு சந்தேகம். "அப்ப நாலு மார்க் எதுக்கு மதாம்?"

"கேக் செய்முறை சரியா இருந்துச்சு, அதுக்கு மூணு. பசை நல்லா ஒட்டியிருக்கு, அதுக்கு ஒண்ணு."

அழுதுகொண்டிருந்த செலின் அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. கீழே வீதியில் போனவர்கள் நின்று மேலே பார்க்கிற அளவுக்கு அந்த மாடி சிரித்தது. செலின் அக்கா கேட்டது அதுதானே, படித்தால் சிரிப்பு வர வேண்டும் என்று. ஆனால் அந்தப் பெருமையை எனக்குக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அன்றிலிருந்து புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டு பஜ்ஜிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அடுத்த மாதத்துக்கு மதாமே தேர்ந்தெடுத்தார். அதில் மூன்று சாவு, ஒரு வெள்ளம். ரொம்ப நன்றாக இருந்தது என்று கேள்வி.

விஷயம் நான் வீடு போய்ச் சேருமுன்பே வசந்தா மூலமாக என் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை போனது போனதுதான். பொண்ணு பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் சொன்னால், "இது ஒரிஜினலா, நீ எழுதுனதா?" என்று தம்பி கேட்பான். இப்போது என் கணவர் கேட்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தியை நான் சொல்லும்போது என் மகளும் கேட்கிறாள். அவளுக்கு ஏழு வயது.

போன மாதம் அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. மறுநாள் கட்டுப் பிரிக்கப் போனபோது, "எல்லாம் நல்லா இருக்குதாம்மா, டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். அம்மா நம்பவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, "இவ சொல்றது ஒரிஜினலான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டர்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டே அவருக்கும், நர்சுக்கும், வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும் முழுக்கதையையும் சொன்னார். அம்மாவின் கதையில் நான் ஐம்பது புத்தகங்களைக் கிழித்திருந்தேன். பூனை ஏழு குட்டி போட்டிருந்தது. மதாம் எனக்கு முட்டை மார்க் போட்டிருந்தார்.

"அம்மா, மூணு குட்டிதான்" என்றேன்.

பெஞ்சிலிருந்த ஒருவரும் என்னை நம்பவில்லை.