மூன்று கிண்ணமும் ஒரு மடியும்

"உந்தப் பிரெஞ்சு வகுப்புக் கதையை இண்டையோடை விட்டிடும்" என்று எமில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எமில் என் புருசன். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடையில் வேலை. கடையில் வாய் திறக்கமாட்டார். அந்தச் சத்தமெல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

வகுப்பு செவ்வாயும் புதனும் பின்னேரம். பக்கத்து வீட்டுச் சுகிர்தமக்கா போகிறா. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், கூச்சம் வேறு. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் தாதி என்னைப் பார்த்துக் கேட்பா, இவர் பதில் சொல்லுவார். ராவெல்லாம் அழுத பிள்ளை, இவர் வாயில் நல்லா நித்திரை கொள்ளும். குறட்டை விட்டது யாரென்று எனக்குத்தானே தெரியும்.

"நீர் போனால் பிள்ளையை ஆர் பாக்கிறது? செவ்வாய் புதன் எனக்கு மட்ச் எல்லோ."

மட்ச் என்றால் இன்டர் மிலான், இத்தாலிக்காரரின் காற்பந்துக் குழு. பிரான்சுக்கு வர முதல் இத்தாலியில் கொஞ்சக் காலம் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு நீலக்கறுப்பு பெனியனும் இந்த விசரும்தான்.

நவம்பரில் ஒரு நாள், கியேவ்காரரோடு இன்டர் தோற்றுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியப்போகிறது. அடுப்பில் சோறு பொங்கி வழிய, பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு ஓடினேன். வடித்துவிட்டு வந்தால், இன்டர் இரண்டு கோல் போட்டு வென்றுவிட்டது. மனுசன் பிள்ளையின் காலைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்.

முழிவியளம் பார்க்காமல் வேலைக்கு இறங்காத மனுசன். நல்ல முகம் எதிரே வரும்வரை லிஃப்ட் வாசலிலேயே நிற்பார். எனக்கு மூளை வேலை செய்தது.

அடுத்தது பார்சலோனாவோடு. பிள்ளையை நான் விடவில்லை. இன்டர் தோற்றது.

"இஞ்சாருங்கோ," என்றேன் மெதுவாக, "இண்டைக்குப் பிள்ளை உங்கடை மடியிலை இருக்கேல்லை என்ன?"

டிசம்பர் ஆட்டத்துக்குத் தானாகவே பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். வென்றது.

"அப்ப நான் வகுப்புக்குப் போகட்டே?"

"வகுப்பு ஏழுக்கெல்லோ. மட்ச் பிறகுதானே துவங்கும்."

"மடி முந்தியே சூடேற வேண்டாமோ?"

"மட்ச் இல்லாத கிழமை?"

"இன்டர்காரர் மட்ச் இல்லாத நாள் பயிற்சிக்குப் போறேல்லையோ?"

யோசித்தார். "அதுவும் சரிதான்."

பிறகு செல்சி விழுந்தது, மொஸ்கோ விழுந்தது. ஏப்ரலில் பார்சலோனாவில் ஆட்டம் முடியிற நேரம், தண்ணி குடிக்கப் பிள்ளையை இறக்கிவிட்டாராம். உடனே இன்டர் ஒரு கோல் வாங்கியது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டித்தான் கணக்காம், முந்தின ஆட்டத்துக் கோல்கள்தான் காப்பாற்றின. அன்றுமுதல் பம்பர்ஸ் மாற்றுவதும் மடியிலேயே.

மே மாதம் இன்டருக்கு இத்தாலிக் கிண்ணம் வந்தது. லீக் கிண்ணம் வந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை ஐரோப்பாக் கிண்ணமும் வந்தது. லா சப்பல் சாப்பாட்டுக்கடையில் கூட்டாளிமாரெல்லாம் வரிசையில் நின்று பிள்ளையின் காலைக் கொஞ்சினார்களாம்.

ஜூனில் கிளினிக். தாதி கேட்டா. இவர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். பல் முளைக்குது, காய்ச்சல், ராவில் நித்திரை இல்லை, எல்லாம் பிரெஞ்சில். பிழை இருந்திருக்கும். தாதிக்கு விளங்கியது. இவரிடம் திரும்பினா.

"மிஸ்யூ, நீங்கள் பிள்ளையை மடியிலை வைச்சிருங்கோ. நான் மேடத்தோடை கதைக்கிறன்."

வெளியே வந்ததும் கேட்டார். "இஞ்சாரும், அந்த மடி ராசி நீர் சும்மா சொன்னதோ?"

"அப்ப மூண்டு கிண்ணமும் சும்மாவோ வந்தது?"

மெட்ரோவில் ஏறினோம். பிள்ளையை மடியில் வடிவாக இருத்திவிட்டுக் கேட்டார்.

"செப்டெம்பரிலை மட்ச் திரும்ப வருது. உம்மடை வகுப்பு எப்ப துவங்குது?"